ஏழாம் வரிசை, பத்தொன்பதாம் கல்

அப்பாவின் கோட்டுக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. மகள் ஊசியைக் கோட்டுக் காலரில் குத்திவிட்டு எடுத்தாள். ராணுவக் கல்லறை அலுவலகத்திலிருந்து குமாஸ்தா பேசினார். அப்பாவின் பெயரைச் சொன்னார், படை எண்ணைச் சொன்னார், சரிதானா என்று கேட்டார். சரிதான் என்றாள். கொஞ்ச நேரம் காகிதம் புரளும் சத்தம் மட்டும் கேட்டது.

"மேடம், இவரை இங்க புதைக்க முடியாது. இவர் ஏற்கெனவே இங்கதான் இருக்காரு. ஏழாவது வரிசை, பத்தொன்பதாவது கல். அம்பத்திரண்டு வருஷமா இருக்காரு."

அவள் பல் ஆஸ்பத்திரியில் வரவேற்பு மேசையில் வேலை பார்ப்பவள். ஒரே நேரத்துக்கு இரண்டு பேருக்குச் சீட்டு எழுதிவிட்டு, இருவரையும் சமாதானப்படுத்தி உட்காரவைப்பது அவளுக்குப் பழகிப்போன தொழில். இதுவும் அந்த மாதிரிதான் என்று நினைத்து, ஒரே பெயரில் வேறு யாராவது இருப்பார்கள், நன்றாகப் பாருங்கள் என்று பதமாகச் சொன்னாள். குமாஸ்தா பிடி கொடுக்கவில்லை. பெயர் ஒன்றாக இருக்கலாம், எண் எப்படி ஒன்றாக இருக்கும், ஒரு நடை நேரில் வந்துவிடுங்கள் என்று சொல்லி வைத்துவிட்டார்.

அப்பா நேற்றுக் காலை இறந்தார். டீயை ஆற்றிக் கொடுத்ததும் ஒரு வாய் குடித்தார். இரண்டாவது வாய்க்குள் முடிந்துவிட்டது. உடல் இன்னும் ஆஸ்பத்திரியில் இருந்தது. இன்று நான்கு மணிக்கு அடக்கம் என்று ஊர் முழுக்கச் சொல்லியாகிவிட்டது. ஒன்பது சிப்பாய்கள் துப்பாக்கியோடு வருவார்கள், வானத்தை நோக்கிச் சுடுவார்கள் என்று தம்பி தன் பிள்ளைகளிடம் நேற்றிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தான். அவன் வாடகைக் கார் ஓட்டுபவன். இவள் விஷயத்தைச் சொன்னதும் சாவியை எடுத்துக்கொண்டு, "எவன்கா அது கிறுக்கன்?" என்றான்.

கல்லறை வாசலில் முன்னாள் ராணுவத்தினர் சங்கத்தின் வேன் நின்றது. பின் கதவு திறந்திருந்தது. உள்ளே கூரை வரைக்கும் மலர்வளையங்கள். சங்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. யாராவது இறந்தால் வீட்டுக்குப் பூ அனுப்பாதீர்கள், அவர் பெயரில் ஒரு வளையம் தானம் கொடுங்கள் என்று அறிவிப்பு ஒட்டுவார்கள். வந்த வளையங்களையெல்லாம் சங்கமே கொண்டுபோய், கல்லில் உள்ள பெயரைச் சத்தமாகப் படித்துவிட்டு அங்கே வைக்கும். அப்பாவுக்கு மிஞ்சிப் போனால் ஏழெட்டு வரும் என்று இவள் கணக்குப் போட்டிருந்தாள். அப்பா யாரிடமும் ஒட்டிப் பழகாதவர். சண்டைக்கும் போகாதவர், கல்யாணத்துக்கும் போகாதவர். இவ்வளவு பேருக்கு அவரைத் தெரியும் என்பதே முதலில் நம்பும்படியாக இல்லை.

அருகில் போய் நாடாக்களைப் படித்தாள். பாதி வளையங்களில் அப்பாவின் பெயர் இல்லை. 'சோப்புக்கு' என்று எழுதியிருந்தது. இன்னொன்றில் 'எங்கள் சோப்புக்கு, கடைசி வணக்கம்.'

"யாருங்க சோப்பு?"

சங்கத்துச் செயலாளர் இவளை ஒரு மாதிரியாகப் பார்த்தார். பட்டாளத்தில் அப்பாவை எல்லாரும் அப்படித்தான் கூப்பிடுவார்கள் என்றார். அப்பா சலவைப் பிரிவில் இருந்தவர் என்பது கூடவா வீட்டில் தெரியாது என்று கேட்டார். இவளுக்குத் தெரியாது. போருக்குப் போனார், காலில் அடிபட்டு வந்தார், இவ்வளவுதான் வீட்டுக்குத் தெரிந்தது. துப்பாக்கி பிடித்தீர்களா என்று தம்பி சின்ன வயதில் நச்சரித்தபோதெல்லாம், பிடித்தேன், கனமாக இருந்தது என்று சொல்லிவிட்டுப் பேப்பரைத் தூக்கி முகத்துக்கு நேரே பிடித்துக்கொள்வார்.

குமாஸ்தா மேசைமேல் ஒரு தடித்த பதிவேட்டைத் திறந்து வைத்திருந்தார். விரலால் காட்டினார். அப்பாவின் பெயர், எண், பிறந்த தேதி. எதிரே, போரில் இறந்த தேதி. இவள் இரண்டு தடவை படித்தாள். அந்தத் தேதிக்குப் பிறகு இரண்டு வருடம் கழித்து அப்பாவுக்குக் கல்யாணம் நடந்தது. அதற்கு அடுத்த வருடம் இவள் பிறந்தாள்.

தம்பி மேசை ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவன் குரல் இறங்கியிருந்தது. "அப்போ நம்ம அப்பா யாருக்கா?"

அவளுக்கும் அதே கேள்விதான். செத்துப்போன ஒருவனின் பெயரைப் போட்டுக்கொண்டு ஊருக்குத் திரும்பி வந்த யாரோ ஒருத்தரா அவர்? அந்தப் பெயரில்தான் ஓய்வூதியம் வந்தது. அந்தப் பெயரைத்தான் பள்ளிக்கூடத்திலிருந்து கல்யாணப் பத்திரிகை வரைக்கும் தன் பெயருக்கு முன்னால் போட்டுக்கொண்டாள். கையில் இருந்த மரணச் சான்றிதழைப் பார்த்தாள். அதில் நேற்றைய தேதி இருந்தது. பதிவேட்டில் வேறு தேதி இருந்தது. இரண்டிலும் அரசாங்க முத்திரை இருந்தது.

குமாஸ்தாவுக்கே பாவமாக இருந்திருக்க வேண்டும். இன்னொரு நோட்டை எடுத்து வந்தார். வருகிறவர்கள் கையெழுத்துப் போடும் நோட்டு. வருடா வருடம் ஒரு பெரியவர் வந்து அந்தக் கல்லுக்கு ஒரு வளையம் வைத்துவிட்டுப் போவார், அவர் யாரென்று தெரிந்தால் விளங்கும் என்றார். பெயர்க் கட்டம் காலியாக இருந்தாலும், இவள் எழுத்தைப் பார்த்ததுமே கண்டுகொண்டாள். அப்பாவின் குண்டு குண்டான கையெழுத்து. வருடத்துக்கு ஒரு தடவை சங்கக் கூட்டம் என்று சொல்லிவிட்டுப் போய், முழங்காலில் மண்ணோடு திரும்பி வருவாரே, அந்த நாட்கள். 'இறந்தவருக்கு என்ன உறவு' என்ற கட்டத்தில், ஒவ்வொரு வருடமும், மாற்றமே இல்லாமல் எழுதியிருந்தார்: 'சட்டை கொடுத்தவர்.'

தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. தம்பி நோட்டை அவள் கையிலிருந்து வாங்கி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தான்.

செயலாளர்தான் வேனின் முன் சீட்டில் உட்கார்ந்திருந்த ஒரு கிழவரைக் கைத்தாங்கலாக அழைத்து வந்தார். அப்பாவின் பிரிவில் சமையல்காரராக இருந்தவர். எண்பதைத் தாண்டியிருப்பார். காது மந்தம். விஷயத்தை இரண்டு தடவை உரக்கச் சொல்லவேண்டியிருந்தது. கேட்டுவிட்டு நாற்காலியில் உட்கார்ந்து கைத்தடியை இரண்டு கால்களுக்கும் நடுவே நிறுத்திக்கொண்டார்.

பின்வாங்கிக்கொண்டிருந்த நேரம், சரியான மழை, என்று ஆரம்பித்தார். வேறு ஏதோ படையிலிருந்து வழிதவறி ஒரு பையன் வந்து சேர்ந்தான். இருபது வயதிருக்கும். இல்லை, பதினெட்டு. சட்டை முழுக்கச் சேறு, உடம்பெல்லாம் நடுக்கம். சோப்பு எவன் துணியையும் பெயரும் எண்ணும் கேட்காமல் வாங்க மாட்டான், காலரில் முத்திரை குத்தாமல் தொட்டியில் போட மாட்டான், தளபதி துணியாக இருந்தாலும் அதே சட்டம்தான். அன்றைக்கு மட்டும் கேட்கவில்லை. தன்னுடைய காய்ந்த சட்டையைக் கழற்றிக் கொடுத்து, முதலில் இதைப் போடு, பெயரெல்லாம் அப்புறம் எழுதிக்கலாம் என்று சொல்லிவிட்டு, லாரியில் தண்ணீர் எடுக்கப் போய்விட்டான். போன வழியில் அவனுக்குக் காலில் அடி. இங்கே, தான் விறகெடுக்க வெளியே போன நேரத்தில், சமையல் கொட்டகைமேல் குண்டு விழுந்தது. பையன் டீயோடு உள்ளே நின்றுகொண்டிருந்தான்.

"முகத்தைப் பார்த்து அடையாளம் சொல்ற மாதிரி இல்லம்மா. காலரைப் பார்த்தாங்க. சோப்போட எண்ணு இருந்துச்சு. எழுதிக்கிட்டாங்க."

மூன்று மாதம் கழித்து அப்பா ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபோது கல் நட்டாகிவிட்டது. சம்பளம் தருகிற ஆபீசில் போய் உயிரோடு இருப்பதை நிரூபித்துவிட்டார். கல் நடுகிற ஆபீஸ் வேறு. அங்கே போய்க் கேட்டபோது, அந்தப் பையனின் பெயர் தெரிந்தால் மாற்றிவிடலாம், தெரியாவிட்டால் வெறும் கல்தான் என்றார்கள். ஒரு வருடம் எல்லாப் படைக்கும் கடிதம் எழுதினார். எவனுக்கும் தெரியவில்லை.

"பேர் இல்லாத கல்லுக்கு யாரும் வளையம் வைக்க மாட்டாங்க. வச்சுட்டு என்னன்னு படிக்கிறது? அதனால விட்டுட்டான். எனக்கு எதுக்கு ரெண்டு இடத்துல பேரு, ஒண்ணு அவன்கிட்ட இருக்கட்டும்னான்." கிழவர் தடியைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "நானும் அந்தப் பையன் பேரைக் கேக்கலம்மா. டீ மட்டும் ஊத்திக் கொடுத்தேன்."

தான் செத்த பிறகு என்ன செய்யவேண்டும் என்று அப்பா ஏதாவது சொன்னாரா என்று அவள் கேட்டாள். சொன்னதாக ஞாபகம் இல்லை என்றார் கிழவர்.

அவளுக்கு அப்பாமேல் கோபம் கோபமாக வந்தது. நாற்பத்தொன்பது வருடம் ஒரே வீட்டில், ஒரே மேசையில் சாப்பிட்டிருக்கிறோம், ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? எல்லாவற்றையும் முடிச்சுப் போட்டு என் கையில் கொடுத்துவிட்டு அங்கே நிம்மதியாகப் படுத்திருக்கிறாரே என்று நினைத்தாள். நினைத்த மாத்திரத்தில் அழுகை முட்டிக்கொண்டு வந்தது. நேற்றிலிருந்து வராத அழுகை. குமாஸ்தா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அவர் இரண்டு தாள்களை எடுத்து வைத்தார். திருத்தம் கேட்டு ஒன்றில் கையெழுத்துப் போட்டால், பழைய கல் இன்றைக்கே எடுக்கப்படும். அப்பாவை முறைப்படி நான்கு மணிக்கு அடக்கம் செய்யலாம், சிப்பாய்கள் வருவார்கள், எல்லா மரியாதையும் உண்டு. வேண்டாம் என்று இன்னொன்றில் போட்டால் எதுவும் மாறாது. ஆனால் அப்பாவுக்கு இங்கே இடம் இல்லை. அம்மாவைப் புதைத்த ஊர்ப் பொதுக் கல்லறைக்குத்தான் கொண்டுபோக வேண்டும். அங்கே சிப்பாய்கள் வர மாட்டார்கள்.

"திருத்தினா, அந்தக் கல்லுல என்ன எழுதுவீங்க?"

குமாஸ்தா ஜன்னலைக் காட்டினார். பின்சுவரை ஒட்டி இரண்டு வரிசைக் கற்கள் இருந்தன. எல்லாவற்றிலும் 'பெயர் தெரியாத வீரர்' என்ற ஒரே வரிதான் என்றார். அந்தப் பக்கம் புல் முழங்கால் உயரத்துக்கு வளர்ந்திருந்தது. மற்ற வரிசைகளில் அங்கங்கே காய்ந்த வளையங்களாவது கிடந்தன. அங்கே அதுவும் இல்லை.

தம்பி அவளை வெளியே தாழ்வாரத்துக்குக் கூப்பிட்டான். கையெழுத்தைப் போட்டுவிடு என்றான். அவன் கண்கள் சிவந்திருந்தன.

"அப்பாவுக்கு உசிரோட இருந்தப்ப யாருக்கா என்ன செஞ்சாங்க? ஒரே ஒரு தடவை நாலு பேர் நின்னு சல்யூட் அடிக்கட்டும்னு பார்த்தேன். அது தப்பா?"

"தப்பில்லடா."

"அந்தப் பையன் யாருன்னே தெரியாது."

"அப்பாவுக்கும் தெரியாது."

அவன் சுவரில் சாய்ந்துகொண்டு வேனைப் பார்த்தான். அப்பா எதை விரும்பியிருப்பார் என்று அவளுக்கு நிச்சயமாகத் தெரியவில்லை. ஒருவேளை சாகும்போதாவது தன் பெயரைத் திரும்ப வாங்கிக்கொள்ள நினைத்தாரோ என்னவோ. கேட்பதற்கு ஆள் இல்லை. தம்பியும் மறுபடி வற்புறுத்தவில்லை. அவள் உள்ளே போய் இரண்டாவது தாளில் கையெழுத்துப் போட்டாள். பேனாவை வைத்த பிறகும் சரியான தாளில்தான் போட்டோமா என்று ஒரு தடவை பார்த்துக்கொண்டாள்.

செயலாளருக்குத் தலை சுற்றியது. அப்படியானால் இந்த வளையங்களையெல்லாம் எங்கே வைப்பது, யார் பெயரைப் படிப்பது என்று கேட்டார். இறந்தவர் பெயருள்ள கல்லில்தானே வைக்கவேண்டும், அந்தக் கல்தான் இருக்கிறதே என்றாள் அவள். சங்கத்தின் எந்த விதியும் அதைத் தடுப்பதாக அவருக்குத் தோன்றவில்லை.

ஏழாவது வரிசைக்கு எல்லாருமாக வளையங்களைத் தூக்கிக்கொண்டு நடந்தார்கள். கிழவரும் ஒன்றைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்தார். கல் சின்னது, சுத்தமாகத் துடைத்து வைத்ததுபோல இருந்தது. செயலாளர் தொப்பியைக் கழற்றிவிட்டு அப்பாவின் பெயரையும் எண்ணையும் சத்தமாகப் படித்தார். பழக்க தோஷத்தில் அதற்குமேல் ஏதோ சொல்லத் தொடங்கி, யாரைப் பற்றிச் சொல்வது என்று தெரியாமல் நிறுத்திக்கொண்டார். பிறகு ஒவ்வொருவராக வைத்தார்கள். அடியில் இடம் நிறைந்ததும் கல்லின் மேலேயே சாய்த்தார்கள். பூக்கள் ஏற ஏற, முதலில் தேதி மறைந்தது, அப்புறம் எண் மறைந்தது. அப்பாவின் பெயரில் கடைசி இரண்டு எழுத்துகள் மட்டும் வெளியே தெரிந்தன.

தம்பி குனிந்து, பெயர் தெரியட்டும் என்று ஒரு வளையத்தை ஒதுக்கப் போனான்.

"இருக்கட்டும்டா" என்றாள் அக்கா.

அவன் கையை எடுத்துக்கொண்டான். பிறகு கிழவரின் தோளில் இருந்த கடைசி வளையத்தை வாங்கி, கல்லில் ஓர் எழுத்தும் தெரியாதபடி சாய்த்து வைத்தான்.