இரண்டாவது கடிகாரம்

கலைவாணன் செருப்பைக் கழற்றும்போதே கேட்டுவிட்டான்.

"அக்கா, தேசிய அமெச்சூர் ரேடியோ சங்கத்துல சேரலாமா, வேணாமா? அண்ணன் இத்தனை வருஷம் மெம்பரா இருந்தாரே, அதால ஏதாவது பிரயோஜனம் இருந்துச்சா?"

தேங்காய்த்திட்டுத் துறைமுகத்தில் படகுகளின் வயர்லெஸ் பழுதுபார்ப்பவன் அவன். புதிதாக ஹாம் ரேடியோ லைசென்ஸ் வாங்கியிருந்தான். இரண்டு வருஷத்துக்கு முன் போய்விட்ட என் வீட்டுக்காரர் சந்திரமோகனின் ரேடியோ பெட்டியைப் பார்க்க, அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் லாஸ்பேட்டைக்கு வந்திருந்தான்.

"முதல்ல உள்ள வா. அப்புறம் சொல்றேன்" என்றேன்.

அந்தச் சங்கத்தை நான் திட்டாத நாள் கிடையாது. ஆபீஸ் விட்டு வந்தால் மனுஷன் காதில் ஹெட்போனோடு ரெயூனியோன் தீவுக்காரனிடம் பிரெஞ்சு பேசிக்கொண்டிருப்பார். மொட்டைமாடி முழுக்கக் கம்பி, துணி காயப்போட இடமிருக்காது. அந்த அறையில் இரண்டு கடிகாரம் வேறு. ஒன்று ஒழுங்காக ஓடும். மற்றது எந்தக் காலத்திலும் சரியான நேரம் காட்டியதில்லை. உலகத்துக்கே பேசுகிற ஆளுக்கு ஒரு கடிகாரத்தைத் திருப்பிவைக்கத் துப்பில்லையா என்று கத்துவேன். அவர் சிரிப்பார், விளக்கமாட்டார். காரியம் முடிந்த மறுநாள் அதை நானே சரிசெய்து வைத்தேன்.

கடைசி நாளும் சண்டைதான். தோள் வலிக்கிறது என்று லீவு போட்டுவிட்டு, மேசையில் சங்கத்தின் சந்தா ஃபாரத்தை விரித்து வைத்திருந்தார். எனக்கு வந்ததே ஆத்திரம்.

"அப்படி என்னதான் பண்ணுது உன் சங்கம்? உனக்கு ஒண்ணுன்னா அவங்க வந்து நிப்பாங்களா? நெஞ்சு வலிச்சாலும் அவங்களையே கூப்ட்டுக்க. எனக்குப் போன் பண்ணாத."

எட்டரைக்கு ஸ்கூட்டரை எடுத்தேன். சாயங்காலம் ஐந்தரைக்குத் திரும்பியபோது அவர் ஹெட்போனோடு மேசைமேல் கவிழ்ந்திருந்தார். பக்கத்துத் தெரு டாக்டர் வந்து பார்த்துவிட்டு, "காலையிலயே, ஒம்பது மணி வாக்குல போயிருக்கும்மா. வலி தெரிஞ்சிருக்காது" என்றார். என் வீட்டுக்காரர் கையில் இன்னும் சூடு இருந்தது. மே மாத வெயில், மூடிய அறை, அதனால்தான் என்று நினைத்துக்கொண்டேன். நான் தெருமுனை தாண்டுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது, நான் வீட்டில் இருந்திருந்தாலும் ஒன்றும் செய்திருக்க முடியாது. இரண்டு வருஷமாக இதைச் சொல்லிச் சொல்லித்தான் தூங்கினேன்.

போன மாதம் சங்கத்திலிருந்து ஒரு உறை வந்தது. ரேடியோவில் பேசிய இருவர், பேசியதற்குச் சாட்சியாக ஒருவருக்கொருவர் கார்டு அனுப்புவார்களாம். வெளிநாட்டுக் கார்டுகளைச் சங்கம் மொத்தமாக வாங்கி, சந்தா கட்டியவர்களுக்கு மெதுவாக அனுப்பிவைக்கும். நான் வேண்டாமென்று கத்திய சந்தாவை அவர் அன்று காலையே கட்டியிருக்கிறார். அதனால் வந்த கார்டு அது. தேதி, அவர் செத்த தேதி. நேரம், 9.45. கீழே அந்த ரெயூனியோன் தீவுக்காரன் பிரெஞ்சில் எழுதிய நாலு வரி. பள்ளிக்கூடத்தில் படித்த பிரெஞ்சை வைத்துக்கொண்டு எழுத்துக்கூட்டிப் படித்தேன்.

'களைப்பாக இருக்கிறது என்றீர்கள். மனைவி ஐந்தரைக்கு வந்துவிடுவாள், அதுவரை பேசிக்கொண்டிருங்கள் என்றீர்கள். சிக்னல் மங்கிவிட்டது, மன்னியுங்கள். உங்கள் மனைவி வந்திருப்பார் என்று நம்புகிறேன்.'

ஒன்பது மணிக்குச் செத்தவர் ஒன்பதே முக்காலுக்குப் பேசியிருக்கிறார். நாலைந்து நாள் அந்த அறைப் பக்கமே போகவில்லை. பிறகு பயம் தெளிந்து ஒரு சந்தோஷம் வந்தது, சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். செத்த பிறகும் எனக்காகக் காத்திருந்திருக்கிறார். என்மேல் கோபமில்லை. அதிலிருந்து தினமும் ஐந்தரைக்கு அந்த அறையைத் திறந்து, "வந்துட்டேன்" என்பேன். நாற்காலி லேசாக முனகும். அவர்தான் என்று எனக்குத் தெரியும்.

அந்த அறைக்குள் கலைவாணன் போனதும் பெட்டியைப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்தான்.

"ஏன்க்கா, ரெண்டு கடிகாரமும் ஒரே நேரம் காட்டுது? ஒண்ணு உலக நேரத்துல இல்ல இருக்கணும்?"

"உலக நேரமா?"

"ஆமாக்கா. ஊருக்கு ஊர் நேரம் மாறுதுல்ல, குழப்பம் வரக்கூடாதுன்னு ஹாம்காரங்க எல்லாரும் லண்டன் பக்கத்து நேரத்தத்தான் எழுதுவாங்க. கார்டுலயும் அதான் இருக்கும். நம்ம நேரம் வேணும்னா அஞ்சரை மணி கூட்டிக்கணும்."

"ஒம்பதே முக்கால்னா?"

அவன் விரல் விட்டுக்கூட எண்ணவில்லை. "மத்தியானம் மூணேகால்" என்றான்.

டாக்டர் ஒன்பது மணி என்றது என் ஆறுதலுக்கு. அந்தக் கைச்சூடு வெயிலால் வந்ததில்லை. மூணேகாலுக்கு அவர் உயிரோடு இருந்திருக்கிறார். போன் அவர் கைக்கெட்டும் தூரத்தில்தான் கிடந்தது. என் ஆபீஸிலிருந்து வீட்டுக்கு ஸ்கூட்டரில் பத்து நிமிஷம். பண்ணாதே என்று நான் சொல்லியிருந்தேன், அவரும் பண்ணவில்லை.

"என்னக்கா, ஒருமாதிரி ஆயிட்டீங்க?"

"தல சுத்துது. பெட்டிய இன்னொரு நாள் பாக்கலாம், நீ போய்ட்டு வா."

அவன் போன பிறகு ஸ்டூல் போட்டு ஏறி, இரண்டாவது கடிகாரத்தை ஐந்தரை மணி நேரம் பின்னுக்குத் திருப்பினேன். அதில் ஒன்பதே முக்கால் ஆனதும் அவர் நாற்காலியில் உட்கார்ந்து ஹெட்போனை மாட்டிக்கொண்டேன். எழுந்திருக்கவில்லை, தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. இரண்டேகால் மணி நேரம். மனுஷன் காத்திருக்க அது ரொம்ப நேரம். நாற்காலி என் கனத்துக்கும் அதேபோலத்தான் முனகியது.

முதல் கடிகாரத்தில் ஐந்தரை ஆனது. தினமும் சொல்கிற வார்த்தை அன்று வாயிலிருந்து வரவில்லை. அழுது முடித்துவிட்டுக் கலைவாணனுக்குப் போன் போட்டேன்.

"நீ கேட்டியே, சங்கத்துல சேரலாமான்னு. சேர்ந்துடு. வருஷக்கணக்கானாலும் கார்டைக் கொண்டாந்து சேத்துடறாங்க."

"சரிக்கா."

"உன் பொண்டாட்டிகிட்ட அந்த ரெண்டாவது கடிகாரத்தப் பத்திச் சொல்லி வை."

"சொல்றேன்க்கா."

"அவ திட்டுவா. போன் பண்ணாதன்னு சொல்லுவா. நீ பண்ணு."