வீடு திரும்பும் காட்சி

மேகம் விலகியதும் சின்னவளுக்குத் தலைகால் புரியவில்லை. இரண்டு நாளாக முகம் காட்டாத வெயில் மலைச்சரிவு முழுக்கக் கொட்டிக் கிடந்தது. "கேமராவ எடுங்க, ஓடியாங்க" என்று கத்திக்கொண்டே அவள்தான் முதலில் ஓடினாள்.

அவள் தாய்மொழியில் இதுவரை ஒரு சினிமாகூட வந்ததில்லை. நாலு மலைமுகட்டுக்குள் அடங்கிவிடுகிற மொழிக்குப் படம் எதற்கு என்று பல பேர் கையை விரித்தார்கள். இவளோ விடாக்கண்டி. கெஞ்சி, சண்டை போட்டு, தானே இயக்கி, எப்படியோ கடைசிக் காட்சிவரை வந்துவிட்டாள். பட்டணத்துக்குப் போன மகள் பல வருடம் கழித்து மேடேறி வருகிறாள். வாசலில் விறகு அடுக்கும் தாய் நிமிர்ந்து பார்க்கிறாள். அவ்வளவுதான் காட்சி. நாளைக் காலை எல்லாரும் கீழே இறங்கியாக வேண்டும், பிறகு பனி பாதையை மூடிவிடும். இது கிடைக்காவிட்டால் படமே இல்லை.

தாயாக நடித்தது அவளைப் பெற்ற அம்மாவேதான். முதல் டேக்கில் மகளாக வந்த நடிகையைக் கட்டிக்கொண்டு அம்மா அழுத அழுகையில் எல்லாரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். வந்த வினையே அதுதான். கேமராமேனுக்கும் கண் நிறைந்து ஃபோகஸ் தவறிவிட, காட்சி முழுக்க ஒரே மங்கல். கல்யாண வீடியோ எடுத்து எடுத்துக் கல்லாகிப்போன மனுஷன் என்று நம்பித்தான் அவரைக் கூட்டி வந்திருந்தாள்.

"இன்னொரு தரம் எடுத்துடலாம்மா."

"எதுக்கு? அதான் வந்துட்டாளே."

"இன்னும் வரலைன்னு நெனச்சுக்கோயேன்."

"எதிர்ல நின்னு பிஸ்கட் தின்னுக்கிட்டு இருக்கா. எப்படி நெனைக்கிறது?"

நடிகை பிஸ்கட்டை முதுகுக்குப் பின்னால் மறைத்தாள். இரண்டாவது டேக்கில் அம்மா, கடைக்குப் போய் வந்தவளைப் பார்ப்பதுபோல், "வந்தியா, உக்காரு" என்றாள். மூன்றாவதில், "எத்தன தரம் ஏறுவ, கால் வலிக்கலையா?" என்று நிஜமாகவே விசாரித்தாள். படக்குழு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. பள்ளத்தாக்கிலிருந்து மேகம் மறுபடி ஏறிவரத் தொடங்கியிருந்தது. சின்னவளுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை.

"அம்மா, எனக்காக ஒரே ஒரு தரம்."

அம்மா கையிலிருந்த விறகைக் கீழே வைத்தாள். "அந்தப் பொண்ணு வந்துட்டா, அழுதும் ஆச்சு. நீ எப்போ வரப் போற?"

"நான் வந்து எத்தன நாளாச்சு!"

"நீ எங்க வந்த? ஜீப் வந்துச்சு, பெட்டிங்க வந்துச்சு. இறங்கினதும் வாசல்ல வெயில் எந்தப் பக்கம் விழும்னு கேட்ட. காட்டினேன்."

அம்மா சொன்னதில் ஒரு எழுத்துகூடப் பொய்யில்லை. பல வருடம் கழித்துப் பார்த்த தாயிடம் சின்னவள் கேட்ட முதல் கேள்வி அதுதான். வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்துக்கு நடுவிலேயே காட்சியை எப்படி எடுப்பது என்று பளிச்சென்று புரிந்துவிட்டது. நடிகையின் கோட்டை வாங்கி மாட்டிக்கொண்டாள், துணியால் தலையை மூடினாள்.

"நான் ஏறி வர்றேன். முதுகுப் பக்கமா எடுங்க" என்று கேமராமேனிடம் சொல்லிவிட்டு, சின்னப் பிள்ளைபோல் சரிவில் தடதடவென்று இறங்கி ஓடினாள்.

திரும்பி ஏறும்போது முதல் வளைவுவரை கேமரா ஞாபகம் இருந்தது. இரண்டாவது வளைவில் வீட்டுக் கூரை தெரிந்தது. அதற்குப் பிறகு எதுவும் ஞாபகமில்லை. மூச்சு வாங்க வாசலுக்கு வந்து நின்றாள்.

அம்மா நிமிர்ந்தாள். இந்த முறை அழவில்லை, திட்ட ஆரம்பித்தாள்.

"வழி தெரிஞ்சுச்சா உனக்கு? இருக்கேனா செத்தேனான்னு ஒரு வார்த்த கேட்டியா? எலும்பும் தோலுமா வந்து நிக்கிறியே, அங்க சோறே கிடையாதா?"

வசனத் தாளில் இதில் ஒரு வரிகூட இல்லை. தோளில் ஓங்கி ஒரு அடி வைத்தாள் அம்மா. அடித்த கையாலேயே இழுத்து அணைத்துக்கொண்டாள்.

மேகம் வந்து வீட்டை மூடியது. கேமரா ஓடிக்கொண்டே இருந்தது. கேமராமேன் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். கட் சொல்ல வேண்டியவள் அம்மாவின் தோளில் முகம் புதைத்து, விக்கி விக்கி அழுதுகொண்டிருந்தாள்.