டேப்பில் ஒன்பது விநாடி

விமானக் கட்டுப்பாட்டு மையத்தின் ரேடார் அறையில் காலை பதினொரு மணிக்கும் அந்தி வெளிச்சம்தான். திரைகளின் மங்கல் ஒளியில் முகங்கள் நீருக்கடியில் இருப்பவை போலத் தெரியும். பத்தொன்பது வருடங்களாக அவர் அந்த நீருக்குள் உட்கார்ந்து விமானங்களை இறக்கிக்கொண்டிருக்கிறார்.

இரண்டு புள்ளிகள் மெல்ல நெருங்கின. ஒன்று வடக்கிலிருந்து, ஒன்று கிழக்கிலிருந்து. உயரம் ஒன்றே. நடுவில் ஐந்து மைலாவது இருக்க வேண்டும். இல்லையென்றால் ஒன்று ஆயிரம் அடி கீழே போயிருக்க வேண்டும். வடக்கு விமானத்தை இறங்கச் சொல்லியாயிற்று. ஒவ்வொரு விமானத்துக்கும் ஒரு காகித ஸ்ட்ரிப் உண்டு; அதனுடையதில் புது உயரத்தைக் குறித்தும் வைத்திருந்தார். இரண்டும் மேலும் கீழுமாகக் கடந்து போவதைக் கனவில் மீன்களைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தார்.

புள்ளிகளின் பக்கத்து எண்கள் சிவந்தன. வடக்கு விமானம் இறங்கவே இல்லை. இடைவெளி மூன்று மைல்.

கிழக்கு விமானத்தைச் சட்டென்று இடப்பக்கம் திருப்பினார். புள்ளிகள் விலகின.

"டீல்," என்று பக்கத்து இருக்கையில் யாரோ முனகினார்கள். இடைவெளி குலைந்தால் அந்த அறையில் அதற்கு அதுதான் பெயர். அதன் பிறகு நடப்பதெல்லாம் பழகிய சடங்கு. வேறொருவர் வந்து ஹெட்செட்டை மாட்டிக்கொள்வார். இவர் எழுந்து போய் அறிக்கை எழுத வேண்டும்.

ஷிஃப்ட் சூப்பர்வைசர் அவருடைய மனைவியின் தம்பி. பின்னறையில் அறிக்கைத் தாளை நீட்டினான்.

"தண்ணி குடிங்க மாமா. ரெண்டு பேரும் பத்திரமா போயிட்டாங்க."

"நான் சொன்னேன்டா. பைலட்தான் இறங்கல."

"சொல்லாம ஸ்ட்ரிப்ல எழுதுற ஆளா நீங்க? அக்காகிட்டதான் சொல்றதும் இல்ல, எழுதுறதும் இல்ல."

அவர் சிரிக்கவில்லை. தன் குரல் இன்னும் காதில் இருந்தது. ஆனாலும் பேனாவை எடுக்கத் தயங்கினார். 'விமானி கேட்கவில்லை' என்று எழுதினால், முகம் தெரியாத ஒருவனை இன்றே விமானத்திலிருந்து இறக்கிவிடுவார்கள்.

"டேப்பைப் போடு."

"நாளைக்கு விசாரணையில எப்படியும் போடுவாங்க மாமா."

"இப்பப் போடு."

டேப் ஓடியது. யாரோ ஒரு விமானி நீளமாக ஏதோ கேட்டுக்கொண்டிருந்தான். அவன் முடிக்கும் முன்பே, மேசை மைக்கில் பதிவான பென்சில் கீறும் ஓசை. அப்புறம் ஒன்பது விநாடி ஒன்றுமே இல்லை. பிறகு அவர் குரல், வேறொரு விமானத்துடன்.

சொல்லிவிட்டு, விமானி திருப்பிச் சொல்வதைக் கேட்டுவிட்டு, அப்புறம்தான் எழுத வேண்டும். அந்த விமானி பேசிக்கொண்டிருந்ததால் லைன் கிடைக்காத நேரத்தில் அவர் முதலில் எழுதிவிட்டார். கை எழுதியதை வாய் சொன்னதாக மனம் எடுத்துக்கொண்டது.

"இன்னொரு தடவை."

மூன்று முறை ஓடியது. அந்த மௌனத்துக்குள் ஒவ்வொரு முறையும் தன் குரல் தெளிவாகக் கேட்டது அவருக்கு. சிவந்த எண்களைப் பார்த்தபோதுகூட இப்படிப் பயப்படவில்லை.

'நான் சொல்லவில்லை' என்று எழுதினார். மச்சான் பெருமூச்சு விட்டான்.

"சரி விடுங்க. ரெண்டு மாசம் டிரெய்னிங், ஒரு பரீட்சை. திரும்ப உக்காந்துடலாம்."

பேனா அடுத்த வரிக்குப் போனது. 'சொன்னதாக இப்போதும் கேட்கிறது.'

"அது எதுக்கு மாமா? டாக்டர்கிட்ட அனுப்பிடுவாங்க. அந்தச் சீட்டு திரும்பக் கிடைக்குமான்னே தெரியாது."

கண்ணாடிக்கு அப்பால் அவருடைய நாற்காலியில் வேறொருவர் புள்ளிகளை நகர்த்திக்கொண்டிருந்தார். இவர் பார்வையைத் தாளுக்குத் திருப்பினார்.

"கேக்குதேடா," என்றபடி கையெழுத்துப் போட்டார்.