மேஸ்திரியின் வலது தொடை

செருப்புத் தொழிற்சாலை மேஸ்திரியின் வலது தொடையில் ஓடிய பெரிய தமனி, அவரை வெறுப்பவர்களின் கை நெருங்கினால் இடம் மாறிக்கொள்ளும். இது வெளியே தெரிந்தது மைத்துனர் அவரைக் குத்திய அன்றுதான். மைத்துனர் கறிக்கடைக்காரர், எங்கே குத்தினால் ஐந்தே நிமிடத்தில் உயிர் போகும் என்பது அவருக்கு அத்துப்படி. மேஸ்திரி ஒன்பது வருடமாக மனைவியைப் பிறந்த வீட்டுக்கு அனுப்பியதில்லை. அவள் அம்மா செத்த அன்றும் அவளை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டு வேலைக்குப் போனார். மறுநாள் காலை, தோல் வெட்டும் கூடத்தில், நாற்பது பேர் பார்க்கக் கத்தி தொடையில் பிடிவரை இறங்கியது. ஒருவரும் தடுக்கவில்லை. மூன்று சொட்டு ரத்தம் வந்தது. சிலர் உச்சுக்கொட்டினார்கள், மூன்றுதானா என்று. "இங்கதானே இருக்கணும்" என்று முணுமுணுத்தபடியே மைத்துனர் சிறைக்குப் போனார்.

ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்த பெண் கருவியை வைத்தபோது, தமனி எல்லோருக்கும் போல உள்பக்கம்தான் துடித்தது. "உனக்கெல்லாம் எவன் வேலை குடுத்தான்?" என்றார் மேஸ்திரி. திரையில் அது நழுவி எலும்புக்குப் பின்னால் போய் நின்றது.

"சில பேருக்குக் கிளை பிரியற இடம் மாறி இருக்கும்மா" என்றார் மருத்துவர்.

"மாறி இருக்கலாம் சார். இது ஓடுதே."

ஆறு வருடம் கழித்து மேஸ்திரிக்கு இதய அடைப்பு. கைத் தமனி சுருங்கிப்போனதால் தொடை வழியாகத்தான் குழாய் விடவேண்டும். காலையில் அவரிடம் வசவு வாங்கியிருந்த மருத்துவர் தொட்டார்; துடிப்பில்லை. நர்சுகள் தொட்டார்கள், இல்லை. கடைசியில் மனைவியைக் கூப்பிட்டார்கள். அவள் விரல் பட்டதும் தோலுக்கடியில் ஏதோ நெளிந்து விலகிப்போனதை எல்லோரும் பார்த்தார்கள்.

"உனக்குமாடி?" என்றார் மேஸ்திரி.

"இப்பத்தான் தெரியுதா உங்களுக்கு?" அவள் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே போனாள். திரும்பி வரவேயில்லை.

அன்றுதான் வேலையில் சேர்ந்திருந்த ஒரு மருத்துவரை அழைத்து, மேஸ்திரியின் வாயில் பஞ்சைத் திணித்த பிறகே உள்ளே விட்டார்கள். தமனி சாதுவாக இருந்த இடத்திலேயே துடித்தது. மேஸ்திரி பிழைத்தார், மேலும் பதினான்கு வருடம் எல்லோரையும் திட்டிக்கொண்டு தனியாக வாழ்ந்தார். ஒவ்வொரு முறை ஆஸ்பத்திரிக்கு வரும்போதும் புது ஆள் தேவைப்பட்டார். அவருடைய நோயாளி அட்டையில், ரத்த வகைக்குக் கீழே எழுதியிருந்தது: வலது தொடை – அறிமுகமில்லாதவர் மட்டும்.