நாலாம் வகுப்பு மின்விசிறி

ஹெப்சிபா கூட்டிய தரையில் இலை போடாமலே சோறு சாப்பிடலாம் என்று திருவொற்றியூரில் அந்தப் பள்ளிக்கூடமே சொல்லும். பதினோரு வருஷமாய் அவள்தான் அங்கே ஆயா. காலை ஆறு மணிக்கே வந்து தண்ணீர் தெளித்து, கூட்டி, துடைத்து, பிள்ளைகள் வருமுன் பெஞ்சுகளைப் பளிச்சென்று ஆக்கிவிடுவாள். அந்த நல்ல பேர்தான் அவளைக் கெடுத்தது.

கோடை விடுமுறையில் முடித்திருக்க வேண்டிய கட்டட வேலையைத் தாளாளர் ராசையா பள்ளி திறந்த பிறகுதான் ஆரம்பித்தார். மாடியில் பழைய பூச்சை உடைத்தார்கள், டைல்ஸ் அறுத்தார்கள். கீழே பிள்ளைகள் வாய்ப்பாடு சொன்னார்கள். அறுக்கிற மிஷினுக்கு மின்சாரம் போதாதென்று நாலாம் வகுப்புக்கு வந்த லைனைப் பிடுங்கி மேலே கொடுத்துவிட்டதால் அங்கே ஃபேன் ஓடவில்லை. தூசி வருமென்று ஜன்னலையும் சாத்தச் சொன்னார்கள். ஜன்னல் வழியாகத்தான் வரவேண்டும் என்று தூசிக்கு யார் சட்டம் போட்டது? கூரை விரிசலில் இருந்து சலித்த மாவு போல அது நாள் முழுக்க இறங்கிக்கொண்டே இருந்தது. தன்னுடைய ஏசி அறைக்கு மட்டும் கதவிடுக்கில் ஈரத்துணி வைத்து அடைக்கச் சொல்லியிருந்தார் ராசையா. மகராசன், தன் நுரையீரல் மேல் அவருக்கு அவ்வளவு அக்கறை.

ஹெப்சிபாவின் ஒரே மகள் ரேச்சல் அந்த நாலாம் வகுப்பில்தான் படித்தாள். ஆயா பிள்ளைக்கு ஃபீஸ் கிடையாது. அதற்காகத்தான் ஹெப்சிபா இந்த வேலையைக் கட்டிக்கொண்டு கிடந்தாள். இரண்டாம் வாரமே பிள்ளைக்கு வீசிங் வந்துவிட்டது. பள்ளி விட்ட பிறகு வேலை செய்யக் கூடாதா என்று ராசையாவிடம் போய்க் கெஞ்சினாள். நாசரேத் பக்கத்திலிருந்து வந்து ராயபுரத்தில் இரும்புச் சாமான் கடை போட்டுப் பெரிய ஆளானவர் அவர். அதிர்ந்து பேசமாட்டார். போனிலிருந்து தலையைத் தூக்காமலே பதில் சொன்னார்.

"எண்ணூர் பவர்ஹவுஸ் சாம்பலைத் தின்னு வளர்ந்த பிள்ளையதான? இந்தத் தூசி என்ன செஞ்சிரும்? வெந்நி குடிக்கச் சொல்லு."

இந்தச் சமயத்தில்தான் சைமா கிளம்பினாள். மார்க்கெட் பக்கம் தையல் கடை வைத்திருப்பவள். அவள் மகனும் அதே வகுப்பில் இருமிக்கொண்டிருந்தான். பெற்றோர்களிடம் வீடு வீடாகக் கையெழுத்து வாங்கி மனு கொடுத்தாள். சுகாதார அதிகாரி ஒருவர் மறுநாள் காலை எட்டரைக்கே வந்து பெஞ்சிலும் ஜன்னல் கட்டையிலும் விரலால் தேய்த்துப் பார்த்தார். விரலில் ஒன்றும் ஒட்டவில்லை. தூசி இல்லை என்று எழுதிவிட்டுப் போனார். துடைத்த துணியைக் கையில் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்ற ஹெப்சிபாவுக்கு அந்த நிமிஷம் பெருமையாகக்கூட இருந்தது. பிற்பாடு அதை நினைக்கும்போதெல்லாம் தன்னைத் தானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போல வந்தது.

அன்று சாயங்காலம் சைமா கேட்டருகே அவளை மறித்தாள். கோபமாகக்கூடப் பேசவில்லை. "நீ தொட்ச்சி வெச்ச தொடைப்புல நாங்கதான் பொய் சொன்ன மாரி ஆயிப்போச்சுக்கா," என்று சொல்லிவிட்டு நடந்தாள்.

அதற்கு நாலாம் நாள் வகுப்பில் ரேச்சலுக்கு மூச்சு அடைத்தது. வகுப்பு நேரத்தில் ஆயாவைக் கேட் காவலை விட்டு யாரும் கூப்பிடக் கூடாது என்பது ராசையாவின் உத்தரவு. பயந்த டீச்சர் பிள்ளையைப் படிக்கட்டில் உட்கார வைத்துவிட்டாள். இன்டர்வெல் மணி அடித்த பிறகுதான் ஹெப்சிபா பார்த்தாள். உதடு நீலம் பாய்ந்திருந்தது. ஒவ்வொரு மூச்சுக்கும் விலா எலும்பு உள்ளே போய்ப் போய் வந்தது. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆட்டோவுக்கு ஓடினாள். ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் முகமூடி கட்டி மருந்துப் புகை கொடுத்தார்கள். இன்னொரு முறை இப்படி வந்தால் கஷ்டம் என்று டாக்டர் சொன்னார்.

மூன்றாம் நாள் வேலைக்குத் திரும்பியவளிடம் ராசையா முதலில் கேட்டது, வராண்டா ஏன் இரண்டு நாளாய்க் குப்பையாய்க் கிடக்கிறது என்றுதான். பிள்ளை எப்படி இருக்கிறாள் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஹெப்சிபா விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு போனாள். ஆனால் அன்று சாயங்காலம் பரமண்டல ஜெபத்தில், அடுத்தவர் குற்றத்தை மன்னிக்கும் வரி வந்தபோது வாயை இறுக்க மூடிக்கொண்டு அதைத் தாண்டிவிட்டாள்.

சைமா விடுகிறவள் இல்லை. இரண்டாம் மனு போனது. சனிக்கிழமை பத்து மணிக்குப் பெற்றோர் முன்னிலையில், அதே நாலாம் வகுப்பிலேயே விசாரணை என்றார்கள். ராசையா வெள்ளிக்கிழமையே வேலையை நிறுத்தி, பிடுங்கிய லைனைத் திரும்பக் கொடுக்க வைத்து, அறை கண்ணாடி மாதிரி இருக்க வேண்டும் என்று ஹெப்சிபாவுக்கு உத்தரவு போட்டார்.

கண்ணாடி மாதிரியே வைத்தாள். தரை, பெஞ்சு, கரும்பலகை, மூன்று ஃபேன் என்று ஒன்றையும் விடவில்லை. நாலாவது ஃபேன், ராசையாவும் அதிகாரியும் உட்காரப்போகும் மேசைக்கு நேர் மேலே இருந்தது. பெஞ்சு மேல் ஸ்டூல் போட்டு ஏறினாள். மூன்று வாரமாய்ச் சுற்றாத றெக்கைகளில் ஏற்கெனவே விரற்கடை உயரத்துக்குத் தூசி படிந்திருந்தது. அது அவளுக்குப் போதவில்லை. அந்த வகுப்பில் அவள் கூட்டி அள்ளிய தூசியெல்லாம் மாடிப்படிக்கு அடியில் சாக்கில் கிடந்தது. அதை முறத்தில் அள்ளி வந்து றெக்கை றெக்கையாய்ப் பரப்பினாள். வெளியிலிருந்து ஒரு பிடி கொண்டுவரவில்லை. எடுத்ததை எடுத்த இடத்திலேயே வைத்தாள். சைமாவிடம் மட்டும், நம் ஜனங்கள் எல்லாரையும் வாசல் பக்கமாகவே உட்கார வை என்று சொல்லியிருந்தாள்.

சனிக்கிழமை புழுக்கமான புழுக்கம். ஹெப்சிபா எந்த ஃபேனையும் போட்டு வைக்கவில்லை. ராசையா இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் வந்தார். அதிகாரி பெஞ்சில் விரலைத் தேய்த்துப் பார்த்துத் தலையாட்டினார். பெற்றோர் முகமெல்லாம் செத்துப்போயிற்று. ராசையா எழுந்து, இந்தப் பள்ளியில் தூசி என்ற பேச்சுக்கே இடமில்லை என்று ஆரம்பித்தவர், கழுத்து வியர்வையைத் துடைத்துக்கொண்டு, ஃபேனைப் போடு என்று ஹெப்சிபாவுக்குக் கைகாட்டினார்.

அவள் ரெகுலேட்டரை ஐந்தில் வைத்து சுவிட்சைப் போட்டாள்.

மொத்தமும் ஒரே சுற்றில் இறங்கியது. சட்டை, ஃபைல், காபி டம்ளர், பேச்சுக்குத் திறந்திருந்த வாய் எல்லாம் வெள்ளையாயிற்று. ராசையா இருமினார். நிறுத்த முடியாமல் மேசையைப் பிடித்துக்கொண்டு குனிந்து குனிந்து இருமினார். அதிகாரி கண்ணைக் கசக்கினார். வாசல் பக்கம் நாலைந்து போன்கள் படம் எடுத்தன. ஹெப்சிபா சுவிட்ச் மேல் வைத்த கையை எடுக்கவில்லை, அணைக்கவும் இல்லை. அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. ரேச்சல் பிறந்த அன்றைக்குப் பிறகு இத்தனை சந்தோஷம் அவள் கண்டதில்லை. ஆற அமர அணைத்தாள்.

நீ துடைக்கவே இல்லையா என்று ராசையா மூச்சுக்கு நடுவே கேட்டார்.

"டெய்லி தொட்ச்சிகினுதான் இருந்தேன் சார். அதான் நான் பண்ண தப்பு. என் புள்ள மூணு வாரம் இழுத்தத்த நீங்கோ ஒரு நிமிசம் இழுத்துகீறீங்கோ. வெந்நி கொண்டாரட்டா?"

அதிகாரி முகம் கழுவி வந்தார். சுத்தமாய் இருந்த மற்ற மூன்று ஃபேனையும் அண்ணாந்து பார்த்தார், ஹெப்சிபாவைப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. ஆனாலும் கூரை விரிசலைக் காட்டி, வேலை முடியும்வரை அந்தக் கட்டடத்தில் வகுப்பு நடக்கக் கூடாது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

அன்றே வேலை போயிற்று, ரேச்சலின் இடமும் போயிற்று. ஹெப்சிபா ஏசி அறைக்குப் போய், ராசையாவின் சுழல்நாற்காலியில் அவர் உட்காரும் இடத்திலேயே விளக்குமாற்றை வைத்துவிட்டு இறங்கினாள். திங்கட்கிழமை விம்கோ நகர்ப் பக்கம் மாநகராட்சிப் பள்ளியில் பிள்ளையைச் சேர்த்தாள்.

இரண்டு வாரம் கழித்து ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் அந்தப் பரமண்டல ஜெபம் வந்தது. ரேச்சல் பக்கத்தில் நின்று ஆரம்பத்திலிருந்து கடைசிவரை எங்கேயும் மூச்சு வாங்காமல் கடகடவென்று சொன்னாள். மன்னிக்கிற வரி வந்தபோது அம்மாவின் வாயை அண்ணாந்து பார்த்தாள். ஹெப்சிபா திறக்கவில்லை.