இரவல் போல்ட்டுகள்

எங்கள் தேயிலைத் தோட்டத்தைப் பார்வையிட யாராவது பெரியவர் வருகிறார் என்றால் முதல் நாளே நாங்கள் குடியிருக்கும் லயத்துக்கு வெள்ளையடிப்பார்கள். முன்பக்கம் மட்டும். வேலைக்குப் போகும் தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுப்போகும் பிள்ளைக்காம்பராவில் புதுத் தொட்டில் சேலைகள் தொங்கும். பெரியவரின் கார் வளைவைத் தாண்டியதும் அவிழ்த்து மடித்து அலுமாரியில் வைத்துப் பூட்டிவிடுவார்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை என்று பழகிப்போன ஜென்மங்கள் நாங்கள். அந்தப் பழக்கம்தான் மீனம்மாவைக் கொன்றது. கொன்ற கை என்னுடையது.

நான் அமிர்தநாதன். பூண்டுலோயாப் பக்கம் வெள்ளப்பாறைத் தோட்டத்துத் தேயிலை அரைக்கும் ஸ்டோரில் இயந்திரங்களைப் பார்த்துக்கொள்ளும் பிட்டர் வேலை. எழுபத்தாறாம் வருடம் கொழுந்து ஏற்றும் லொறி படுத்துவிட்டது. உதிரிப்பாகம் கொழும்பிலேயே கிடையாது என்றார்கள். தோட்டத்து மேனேஜர் தொரையின் பழைய லேண்ட் ரோவருக்குப் பின்னால் ஒரு டிரெயிலரைக் கட்டிக் கொழுந்து இறக்கலாம் என்று ஆபீஸில் முடிவாயிற்று.

கட்டுவதென்றால் கயிறு போட்டா கட்டுவது? வண்டியின் சட்டத்தில் கனமான இரும்புத் தகடு ஒன்றைப் பொருத்தினேன். அதில் மேலிருந்து கீழாக இரண்டு வரிசைத் துளைகள். கொக்கியை வேண்டிய உயரத்தில் வைத்து போல்ட் முறுக்கலாம். டிரெயிலர் மூக்கைத் தூக்கினால் வண்டியின் பின்சக்கரத்துக்குப் பிடிப்பு இருக்காது. மூக்கைக் குத்தினால் முன்சக்கரம் ஸ்டியரிங் பேச்சைக் கேட்காது. மூட்டைகளை ஏற்றி இறக்கி, ரசமட்டம் வைத்துப் பார்த்து, மூன்றாவது துளையில் நிறுத்தினேன். கொக்கியே போனாலும் டிரெயிலர் ஓடிவிடாமல் இரண்டு சங்கிலி போட்டேன். பின்னால் சிவப்பு விளக்கும் நம்பர் தகடும் வைத்தேன். சட்டம் கேட்டதெல்லாம் இருந்தது, போல்ட்டைத் தவிர.

பாரம் இழுக்கிற இடத்துக்குச் சாதாரண போல்ட் ஆகாது. பதமேற்றிய உருக்கில் செய்து, தலையில் எண் குத்திய போல்ட் நான்கு வேண்டும். எழுதிக் கொடுத்து இரண்டு மாதம் ஆகியும் வரவில்லை. வாகனப் பரிசோதகர் வரும் நாள் வந்துவிட்டது. பெரிய கிளாக்கர் ஞானரட்ணம் என்னைக் கூப்பிட்டார்.

“டவுன்ல மர்சூக் கராஜ்ல அந்த போல்ட் இருக்காமே?”

“இருக்குங்கய்யா. அவரு லொறிக்குப் போட வச்சிருக்காரு.”

“ஒரு நாளைக்கு வாங்கிட்டு வா. கல்யாணத்துக்கு நீங்க இரவல் நகை போடுறதில்லயா?”

நான் சிரித்தேன். இன்றுவரை எனக்கு ஆறாதது அந்தச் சிரிப்புத்தான்.

மர்சூக் நல்ல மனுஷன். “நாளைக்கே திருப்பித் தந்துரணும் பாஸ், லொறி கொழும்பு போகுது” என்று சொல்லிக் கொடுத்தார். பரிசோதகர் வந்தார். குனிந்து போல்ட் தலையில் எண்ணைப் பார்த்தார், சுத்தியலால் தட்டினார், தலையாட்டினார். ‘இன்ன போல்ட் நான்கு, சங்கிலி இரண்டு’ என்று எழுதிய தாளில், பொருத்தியவன் என்று என் கையெழுத்து விழுந்தது. மறுநாள் போல்ட்டுகளைக் கழற்றி மர்சூக்கிடம் கொடுத்தேன். அந்த இடத்தில் சாமான்கடைச் சாதாரண போல்ட் ஏறியது. அடுத்த வாரம் தொரை பங்களாவில் கள்ளன் பயம் என்று சங்கிலிகளும் கேட்டைப் பூட்டப் போய்விட்டன.

டிரைவர் றோலண்ட் வேறு யாருமில்லை, என் மனைவி தெரேசாவின் தம்பி.

“அரை லோடுதான் ஏத்தணும் தம்பி. ஆளு ஏத்தவே கூடாது” என்றேன்.

“கண்டாக்கையா கேப்பாங்களா அத்தான்?”

“கேக்காட்டி வண்டிய எடுக்காத.”

“நீங்க மட்டும் அந்த போல்ட்ட மாட்ட மாட்டேன்னா சொன்னீங்க?”

எனக்குச் சுருக்கென்றது. 

ஆனி மாத மழையில் ஒரு நாள் மேல் மலையில் கொழுந்து அமோகம். மூட்டைகள் நனைகின்றன என்று மலையில் வேலை வாங்கும் கண்டாக்கையா முழு லோடு ஏற்றவைத்தார். றோலண்ட் மறுத்துப் பார்த்தான், ஏச்சுத்தான் மிச்சம். கொழுந்து பறித்துக்கொண்டிருந்த மீனம்மாவுக்கு அன்று காய்ச்சல். நடக்க முடியாதவள் மூட்டைகள் மேலே ஏறிக்கொள்ளட்டும் என்று அதே மனிதர்தான் இரக்கப்பட்டார். அவர் வாழ்நாளில் பட்ட ஒரே இரக்கம் அதுவாகத்தான் இருக்கும். குருவி தலையில் பனங்காய். ஓடைப்பாலம் தாண்டிய ஏற்றத்தில் நான்கு போல்ட்டும் கரும்பு மாதிரி முறிந்தன. பிடித்து நிறுத்தச் சங்கிலி இல்லை. டிரெயிலர் பின்னால் உருண்டு பள்ளத்தில் விழுந்தது. மூட்டைகளுக்கு அடியிலிருந்து மீனம்மாவை எடுத்தபோது உயிர் இல்லை. அவளுடைய கைக்குழந்தை பிள்ளைக்காம்பராவில் தூங்கிக்கொண்டிருந்தது, பழைய தொட்டில் சேலையில்.

போலீஸ் வருவதற்குள் சங்கிலிகள் திரும்பி வந்து டிரெயிலரில் தொங்கின. டிரைவர் சங்கிலி மாட்டவில்லை, நல்ல போல்ட்டைக் கழற்றி விற்றும் இருப்பான் என்று ஆபீஸில் கதை கட்டியாயிற்று. றோலண்டைப் பிடித்துப் போனார்கள்.

“நடந்ததச் சொன்னா நீதான் உள்ள போவ. லயக்காம்பராவும் போயிரும்” என்றார் ஞானரட்ணம். “சொல்லாட்டி அவனுக்கு அபராதத்தோட முடிஞ்சிரும்.”

“தம்பிய மட்டும் விட்டுராதீங்க” என்று தெரேசா என் கையைப் பிடித்து அழுதாள். விடமாட்டேன் என்று மாதா படத்துக்கு முன்னால் நின்று சொன்னேன்.

நுவரெலியா கோர்ட்டில் தாளைக் காட்டிக் கேட்டார்கள். கையெழுத்து என்னுடையதுதான் என்றேன். பிறகு நீ போல்ட்டை மாற்றினாயா என்று கேட்டார்கள். கூண்டில் நின்ற றோலண்ட் என்னையே பார்த்தான். அவன் கண்ணில் கோபம்கூட இல்லை. அத்தான் சொல்லிவிடுவார் என்ற நம்பிக்கை மட்டும் இருந்தது.

“இல்லீங்க” என்றேன்.

அபராதமாவது மண்ணாவது, ஒன்றரை வருஷம் சிறையில் மறியல் என்று தீர்ப்பு. நான் கோழை. அதற்கு வேறு பெயர் வைக்க எனக்குத் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்ததும் தெரேசா ஒரே ஒரு கேள்வி கேட்டாள். “அப்பிடிச் சொல்ல எப்பிடிங்க நாக்கு வந்துச்சு?” அதற்குப் பிறகு சோறு போடுகிறாள், துணி துவைக்கிறாள். என்னோடு பேசுவதில்லை.

தீர்ப்பான மறு மாதம், முன்பு எழுதிக் கேட்டிருந்த நான்கு போல்ட்டும் எண்ணெய்க் கடதாசியில் சுற்றி வந்து சேர்ந்தன. எண் குத்திய அசல் போல்ட். புதுத் தகடு வெட்டி, மூன்றாவது துளையில் முறுக்கினேன். 

சித்திரையில் பரிசோதகர் மறுபடி வந்தார். குனிந்து பார்த்தார், தட்டினார். “போன வருஷம் மாதிரியே நல்லா இருக்கு” என்று சிங்களத்தில் பாராட்டினார். ஞானரட்ணம் பேனாவை நீட்டினார். போல்ட் நான்கு, சங்கிலி இரண்டு. வாங்கிக் கையெழுத்துப் போட்டேன்.

சங்கிலிகள் அன்று காலையில்தான் பங்களாவிலிருந்து வந்திருந்தன. பின்னேரம் நானே அவற்றைத் தோளில் சுமந்துகொண்டு போய் கேட்டில் மாட்டிவிட்டு வந்தேன்.