திட்டுக்குப் போகாத எச்சரிக்கை

திண்டிவனம் பேருந்து நிலையத்துக்குப் பின்சந்தில், ஒரு மாடியறையில் ஜெசிந்தாவும் கோகுலகிருஷ்ணனும் மென்பொருள் எழுதினார்கள். திருவெண்ணெய்நல்லூர்ப் பக்கம் ஆற்றோர விவசாயிகளுக்கு வெள்ள எச்சரிக்கை ஒன்று செய்து கொடுத்திருந்தார்கள். ஆற்றின் மேல்பக்கம் ஒரு பாலத்தில் நீர்மட்டக் கருவி. தண்ணீர் ஏறினால் அது சர்வருக்குச் செய்தி அனுப்பும். செய்தி வந்ததும், யாரும் கை வைக்காமலே, கரையோரத்து ஆட்களின் போன்கள் ஒவ்வொன்றாக அடிக்கும்.

அந்த மழைக்காலத்தின் முதல் எச்சரிக்கை ஒரு மதியம் வந்தது. ஜெசிந்தாவின் திரையில் எல்லாப் பெயர்களும், அழைப்பு போய்ச் சேர்ந்ததற்கு அடையாளமாக, பச்சையாயின. குரல் தெளிவாகக் கேட்டதா என்று அறிய, கரும்புக்காரர் ராஜாமணிக்குப் போன் செய்தாள்.

“அண்ணே, எங்க போன் வந்துச்சுங்களா?”

“எந்தப் போனும்மா? நான் கரும்புல சோகை உரிச்சிக்கினு இருக்கேன். ஒண்ணும் வரலியே.”

“ஆத்துக்குள்ள யாராவது இருக்காங்களா?”

“நம்ம சங்கவி ஆடு ஓட்டிக்கினு நடுத்திட்டுக்குப் போயிருக்கு. ஏம்மா?”

“தண்ணி வருதுண்ணே. ஜல்தியா போய்ச் சொல்லுங்க.”

அவர் போனை வைக்கக்கூட இல்லை. ஓடுகிற சத்தம் கேட்டது. பிறகு அதுவும் அறுந்தது.

சர்வரின் பதிவுகளைத் திறந்தாள். தப்பாக ஏற்றிய ஒரு எண்ணுக்கே அது திரும்பத் திரும்ப அடித்துக்கொண்டிருந்தது. மற்ற அழைப்புகளெல்லாம் அதன் பின்னால் வரிசையில் நின்றன. வரிசையில் சேர்ந்தாலே பச்சை காட்டும்படி எழுதியது அவள்தான்.

விழுப்புரம் போயிருந்த கோகுலை அழைத்து நடந்ததைச் சொன்னாள்.

“அக்கா, சர்வரை நிறுத்திட்டுத் திரும்பப் போடட்டுமா?”

“வேணாம். நிக்கிறதெல்லாம் அழிஞ்சிடும். நீ ஒவ்வொருத்தரா போன் பண்ணிக்கினே இரு. நான் அந்த நம்பரை எடுக்கறேன்.”

தவறி வேறு எண்ணை எடுத்துவிட்டால் ஒருவருக்கு எச்சரிக்கையே போகாது. இலக்கங்களை வாய்விட்டுப் படித்து, மறுபடியும் படித்து, பிறகே நீக்கினாள். வரிசை நகர்ந்தது. பலர் எடுத்தார்கள். சங்கவியின் எண் மட்டும் தொடர்பு எல்லைக்கு வெளியே இருந்தது. ராஜாமணியும் எடுக்கவில்லை.

அவள் எழுந்து நின்றாள், உட்கார்ந்தாள், ஜன்னலுக்குப் போனாள். கீழே சென்னைப் பேருந்துக்கு ஆள் கூவிக்கொண்டிருந்தார்கள்.

ராஜாமணி கூப்பிட்டபோது காற்றின் இரைச்சலே முதலில் கேட்டது.

“சங்கவியைக் கரை ஏத்திட்டோம்மா. இடுப்பளவு தண்ணி. கயிறு போட்டு இழுத்தோம். ஆடு ரெண்டு போயிடுச்சு.”

மறுநாள் ஜெசிந்தா சங்கவியைப் பார்க்கப் போனாள். உள்ளங்கையில் கயிறு அறுத்த காயத்துக்கு மஞ்சள் பூசியிருந்தாள் சங்கவி.

“எல்லாருக்கும் போயிடுச்சின்னு காட்டிச்சாமே, அக்கா?”

“ஆமா. நான்தான் தப்பா எழுதிட்டேன்.”

சங்கவி காயத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். “என் ஆடு ரெண்டும் நீந்திக்கினு இருக்கும்போதே தண்ணி இழுத்துக்கினு போயிடுச்சு. கண்ணால பாத்தேன்,” என்றாள்.

போனை எடுத்தவர் ஒன்றாம் எண்ணை அழுத்தினால்தான் பச்சை, அழுத்தாவிட்டால் பக்கத்து வீட்டுக்குப் போன் என்று கோகுல் மாற்றி எழுதினான். ஒரு எண் கெட்டால் அது ஒதுங்கி மற்றவற்றுக்கு வழிவிட்டது. திட்டில் சிக்னல் கிடையாது என்பதால், கருவியின் அதே செய்தியைக் கேட்டு அலறும்படி கரைக் கம்பத்தில் ஒரு சைரனும் கட்டினார்கள்.

வெள்ளம் வடிந்ததும் சோதித்தார்கள். சைரன் கேட்டால் கையைத் தூக்குவதாகச் சொல்லிவிட்டுச் சங்கவி திட்டில் நின்றாள். சைரன் அலறியது, கொக்குகள் கலைந்தன. காற்று எதிர்ப்பக்கம் அடித்தது. சற்றுப் பொறுத்துச் சங்கவி கையைத் தூக்கினாள்.

“கேட்டுடுச்சுக்கா,” என்றான் கோகுல்.

“நம்மளப் பாத்துக் கை தூக்கிச்சோ என்னமோ,” என்றாள் ஜெசிந்தா. “நீ போய் சங்கவியை அந்தப் பக்கம் திரும்பி நிக்கச் சொல்லிட்டு வா. இன்னொரு வாட்டி அடிப்போம்.”